மீல் மேக்கர் போட்ட நோன்புக் கஞ்சி

வளைகுடாவில், அல் கோரில் அந்த மெஸ் இருந்த தெருவுக்கு ஒரு பெயர் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. மீன்பிடிப் படகுகள் நிற்கும் துறையிலிருந்து இரண்டு சந்து உள்ளே, தையல் கடைக்கும் சலூனுக்கும் நடுவில், நாலைந்து மேஜை போட்ட இடம். ராஸ் லஃபான் கேஸ் பிளான்ட்டில் டியூட்டி முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், புழுதிக் காற்றையும் மீறி வத்தக்குழம்பு வாசனை கையைப் பிடித்து இழுக்கும். நான் ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை.

நடத்தியவர் ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கத்து பாய். சமைத்தது அவர் மனைவி. அந்த அக்காவின் முகத்தை நாங்கள் யாருமே பார்த்ததில்லை. சமையலறைச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை அதன் வழியாகப் பாத்திரங்களை நீட்டும். முருங்கைக்கீரைப் பொரியல், மிளகு ரசம், கத்திரிக்காய் புளிக்குழம்பு. கேம்ப் சாப்பாட்டில் செத்துப்போயிருந்த நாக்குக்கு அந்தக் கைதான் உயிர் கொடுத்தது என்று அடித்துச் சொல்வேன்.

அந்த வருடம் புரட்டாசியும் ரமலானும் சேர்ந்து வந்தன. ஊரில் என் மனைவி நிறைமாதம். அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்னதான் செய்ய முடியும்? புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடமாட்டேன், பிள்ளை நல்லபடியாக வந்து சேரட்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். மீன் இல்லாமல் சோறு இறங்காதவனுக்கு இது லேசுப்பட்ட காரியமில்லை. ரூமில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். “பாய் கடையில போய் புரட்டாசி விரதமா? நடத்துய்யா, நடத்து.” அவர்களுக்கு என்ன, வாய் சும்மா இருக்காது.

ரமலான் பகல்களில் அந்த ஊர் விழித்துக்கொண்டே தூங்கும். கடைகளில் திரை தொங்கும். வெயில் மட்டும் தெருவில் தனியாக நடமாடும். நாங்களும் வெளியில் வாயில் எதையும் போடாமல், பாதி உறக்கத்தில் டியூட்டி பார்த்துவிட்டு வந்து கிடப்போம். சாயங்காலம் வானம் செம்மண் நிறத்துக்கு மாறும்போது ஒவ்வொருவராக மெஸ்ஸுக்குள் வந்து உட்காருவோம். முன்னால் பேரீச்சம்பழம், வடை, ஆவி பறக்கும் நோன்புக் கஞ்சி. நோன்பு வைத்தவர், வைக்காதவர் எல்லோருமே பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருப்போம். பாய் பழத்தை வாயில் வைக்கும் வரை ஒரு கரண்டிகூட அசையாது. அந்த அமைதிக்காகவே நான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் நாளே பாய் சொல்லியிருந்தார். “இந்த மாசம் கஞ்சிக்குக் கறி போடலை தம்பி. நம்ம கடைக்கு வர்றவங்க நெறையப் பேரு புரட்டாசி. தைரியமாக் குடிங்க.” அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஊர்க்காரர்கள்தான் முணுமுணுத்தார்கள். “என்ன காக்கா, கஞ்சி சப்புன்னு இருக்கு?”

ஒருநாள் மாலை, பூண்டும் புதினாவும் தேங்காய்ப்பாலும் தொண்டையில் இதமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, பல்லில் ஏதோ தட்டுப்பட்டது. மெத்தென்று இருந்தது. கடித்தால் நார் நாராகப் பிரிந்தது. கறி.

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மனைவியின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. வேண்டுதலை நானே கெடுத்துவிட்டேன், இந்தப் பிள்ளையும் போய்விடும் என்றே நினைத்தேன்.

“என்ன தம்பி, மூஞ்சி இப்பிடி வெளுத்துப்போச்சு?” என்று பாய் பக்கத்தில் வந்தார். வாயில் இருந்ததைக் கையில் எடுத்துக் காட்டி, வேண்டுதலைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாயின் முகமும் மாறியது. ஜன்னலுக்குப் போய்க் குனிந்து, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

வளையல் கை வெளியே வந்தது. அதில் பாதி தீர்ந்த மீல் மேக்கர் பாக்கெட்.

“ஊர்க்காரவுக தெனமும் கொறை சொல்றாகளேன்னு கொஞ்சம் வேகவச்சுப் போட்டேன். வெறும் சோயா தம்பி, கறி இல்லை” என்றது ஒரு பெண்குரல். அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். ஊர்க்காரர்களின் நாக்கை ஏமாற்றப் போட்டது, என் நாக்கை ஏமாற்றிவிட்டது. மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“வூட்டுல எத்தனையாவது மாசம்?” என்றது ஜன்னல்.

“இதுதான்க்கா மாசம். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு.”

“நோன்பு தொறக்குற நேரத்துல கேக்குற துவாவுக்குப் பலன் உண்டு. நான் கேக்குறேன். நீங்க கஞ்சியக் குடிங்க.”

நோன்புப் பெருநாள் அன்று விடியற்காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருக்கிறேனா என்றுகூடப் பார்க்காமல் மெஸ்ஸுக்கு ஓடினேன். தொழுகை முடிந்து பாய் அப்போதுதான் வந்திருந்தார். தெரு முழுக்க பிரியாணி வாசனை. விஷயத்தைச் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டார், அத்தர் மணக்க.

புரட்டாசி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. கேட்காமலேயே ஜன்னல் வழியாக ஒரு தட்டு வந்தது. மீல் மேக்கர் பிரியாணி.

“புள்ள யாரு சாயலு தம்பி?”

“தெரியலையேக்கா. நானும் இன்னும் பாக்கலை.”

உள்ளே வளையல் குலுங்கிய சத்தம் மட்டும் கேட்டது. பாய் என் எதிரில் உட்கார்ந்து, மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “எங்களுக்குத்தான் புள்ள இல்லை. கல்யாணம் ஆனதுலேருந்து ஒவ்வொரு நோன்புக்கும் அதைத்தான் கேப்பா. இந்த வருசம் தனக்குன்னு கேக்கலையாம். ஒங்களுக்குக் கேட்டாளாம்.”

தட்டைச் சுத்தமாகத் தின்று முடித்தேன். ஜன்னலிலிருந்து இன்னொரு கரண்டி நீண்டது.