கையுறைக்குள் மரத்த விரல்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே, நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா பயிற்சியில் சேர்ந்திருந்தேன். எனக்குச் சோடியாக வாய்த்தவள் வசந்தி, மட்டக்களப்புப் பெண். நீச்சல் குளத்தில் பழகும்போதே, "அண்ணே, கையுறையப் போட்டுக்கொண்டு ஒருக்காப் பழகிப் பாருங்க" என்றாள். நான் சிரித்துத் தட்டிக்கழித்தேன்.

ஒக்ரோபரில் ஒன்ராறியோ ஏரியில் இறங்கினோம். பயிற்றுநர் மற்றவர்களோடு முன்னே போய்விட்டார். மிதப்பதற்காக நாங்கள் அணிந்திருந்த காற்றுச் சட்டையின் குழாயில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று காற்றை நிரப்பும், மற்றது வெளியேற்றும். வேகமாக அமிழ்வதை உணர்ந்து, நிரப்பும் பொத்தான் என்று நினைத்து ஒன்றை அழுத்தினேன். தடித்த கையுறைக்குள் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. குமிழிகள் மேலே பறக்க, நான் இன்னும் வேகமாகக் கீழே போனேன். பயத்தில் அதையே திரும்பத் திரும்ப அழுத்தினேன். காது வெடிப்பதுபோல் வலித்தது. கீழே வெறும் இருட்டு. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

திடீரென்று ஒரு கை என் தோள்பட்டியைப் பிடித்தது. வசந்தி! குழாயைப் பிடுங்கி, சரியான பொத்தானை விட்டு விட்டு அழுத்தினாள். மெதுவாக மேலே வந்தோம்.

கரையில் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள், "வேணாம் அண்ணே. உங்கள விட்டுட்டு மேல போயிருவமெண்டுதான் முதல்ல நினைச்சன்" என்று அழுதாள்.

அப்படி நினைத்தவள்தான் அந்த இருட்டுக்குள் இறங்கி வந்தாள். அவளிடத்தில் நான் இருந்திருந்தால் இறங்கியிருப்பேனா? ஆம் என்று சொல்ல எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.