கையை இறக்கி எறிந்த காலம்

அமெரிக்காவின் ஒஹையோவில் என்னை எல்லோரும் ஆல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். காப்பிக் கடையில் கோப்பையின் மேல் ஆல், அலுவலகக் கதவில் ஆல். நம் மலேசியக் கடப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன்னால் வரும் ஏ/எல் தான் அது. கல்லூரிக் கணினி நடுவிலிருந்த சாய்கோட்டை விழுங்கிவிட்டு ‘சரவணன் ஆல் முனியாண்டி’ என்று அட்டை அடித்துக் கொடுத்தது. சரவணன் அவர்கள் வாயில் நுழையவில்லை, ஆல் நுழைந்தது. மலாய் மொழியில் அது ‘மகன்’ என்பதன் சுருக்கம் என்று முதல் வாரமே விளக்கினேன். “கூல்” என்றார்கள். அதோடு சரி. ஏழு ஆண்டுகளாக, யாருடைய மகன் என்று தெரியாமலே என்னை மகன் என்று அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெயரோடுதான் நான் கல்லூரி அணியில் பேஸ்பால் ஆடினேன். மட்டையாளருக்குப் பந்து எறியும் பிட்சர் நான். ஊருக்கு வரும்போதெல்லாம், “நம்ம புள்ளைக்கு அங்க எப்படிடா எடம் கெடச்சுது?” என்று கேட்பவர்கள் உண்டு. சுருக்கமாகச் சொல்ல முடிந்ததில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கிறது. அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இடைநிலைப்பள்ளியில் எனக்கு, பேஸ்பால் போலவே ஆனால் பெரிய பந்தால் ஆடும் சாப்ட்பால் கிடைத்தது. அதில் பிட்சர் பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறியக்கூடாது. கை இடுப்பருகே, கீழிருந்து வரவேண்டும். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். என் கேட்சர் என்னைவிட ஒரு வயது இளையவளான தங்கை சுமதி. பள்ளியில் அவள் பெண்கள் அணி, நான் ஆண்கள் அணி. சாயங்காலம் கோயில் பக்கத்துத் திடலில் நாங்கள் இருவர் மட்டும். பத்தாங் காலியில் நடந்த ஒரு போட்டிக்குப் பிறகு மாநில அணித் தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் அவள் பாசிர் பெனம்பாங்கில் மீன் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். நான் பொறியியல் படிக்க அமெரிக்கா போனேன். வீட்டில் யாரும் அதை அநியாயம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் ஆண்களுக்குப் பேஸ்பால்தான். பந்து சிறியது, கை தோளுக்கு மேலிருந்து வரும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கல்லூரி அணிக்குத் தேர்வு நடந்த நாளில் போய் நின்றேன். சாப்ட்பால் ஆடிய கைக்கு நல்ல குறி இருந்தது. கடைசி ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பயிற்சியில் கோச், “டேக் சம்திங் ஆஃப்” என்று கத்தினார். நான் தொப்பியைக் கழற்றினேன். மறுபடி கத்தினார். ஜாக்கெட்டையும் கழற்றினேன். திடலே சிரித்தது. வேகத்தைக் குறைத்து எறி என்று சொல்லியிருக்கிறார். அணியின் கேட்சர் டைலர் ஓடிவந்து தொப்பியை எடுத்து என் தலையில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு ஆண்டுகள் மற்றவர்களைப் போலவே தோளுக்கு மேலிருந்து எறிந்தேன். என் பந்து வேகமாகவும் இல்லை, வளையவும் இல்லை. அதற்குள் முழங்கை வலிக்கத் தொடங்கியது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே என் கையில் ஐஸ் மூட்டை கட்டினார்கள். தொலைபேசியில் அம்மா, “வெந்நி ஒத்தடம் குடுக்கச் சொல்லுடா, பனியில பனிய வச்சா கை என்னத்துக்கு ஆவும்?” என்றார். இரண்டாம் ஆண்டு முடிவில் கோச் என்னை அறைக்கு அழைத்து, அடுத்த பருவத்தில் எனக்கு இடம் உண்டா என்பதற்கு, “வீ வில் சீ” என்றார். நம் ஊரில் அதிகாரிகள் ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் என்ன பொருளோ அதே பொருள்தான். அவர் பேசியதில் அது ஒன்றுதான் எனக்கு உடனே புரிந்தது.

அந்த ஜூன் மாதம் வீட்டுக்கு வந்தேன். சில வாரம் கையை அசைக்காமல் இருந்தேன். வலி அடங்கியதும் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய சுமதியிடம் கையுறையை நீட்டினேன். உடம்பில் மீன் வாடையோடு அப்படியே வந்து குந்தினாள். பத்துப் பந்து பிடித்திருப்பாள். எழுந்துவிட்டாள்.

“அண்ணே, யாரு மாரி எறியற நீ?”

“அங்க எல்லாரும் இப்படித்தான் எறிவாங்க.”

“கீழேருந்து எறிஞ்சா அவுட்டா? ரூல்ஸ்ல இருக்கா?”

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு விதி இல்லை. இரண்டு ஆண்டில் ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை.

“இல்ல.”

“அப்புறம் என்னா லா? கைய இறக்கு.”

சாப்ட்பாலில் எறிந்தபடியே எறிந்தால் பேஸ்பாலுக்கு வேகம் போதாது. உடம்பை வளைத்து, முழங்காலுக்குச் சற்று மேலே கையைக் கொண்டுவந்து விடவேண்டியிருந்தது. முதல் வாரம் பந்து வேலியில் பட்டது, கோயில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, ஒன்று சுமதியின் தோள் எலும்பில் பட்டது. அம்மா என்னைத் திட்டினார், சுமதி அம்மாவைத் திட்டினாள். அப்பா லோரியை நிறுத்திப் பார்த்துவிட்டு, “என்னாடா இது, வலை வீசற மாரி?” என்றார். ஆனால் முழங்கை வலிக்கவில்லை. பந்து மட்டைக்கு அருகே வந்ததும் கீழே இறங்கியது. ஒரு நாள் நடுவில் நிறுத்தி, “நீதான் போயிருக்கணும் சுமதி” என்றேன். அவள் கையுறையைத் தட்டினாள். “எறி. இருட்டப் போவுது.”

இலையுதிர் காலத்தில் கல்லூரி திரும்பியதும் கோச் பதினைந்து பந்து பார்த்தார். எங்கே கற்றாய் என்றார். என் தங்கையிடம் என்றேன். அவள் எங்கே ஆடுகிறாள் என்று கேட்டார். எங்கே இருக்கிறாள் என்று கேட்பதாக நினைத்து, “பாசிர் பெனம்பாங்” என்றேன். ஏதோ நல்ல கல்லூரி என்று எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது, மரியாதையோடு தலையாட்டினார்.

அதன்பின் இரண்டு பருவங்கள் ஆடினேன். ஆட்டம் நெருக்கடியில் இருக்கும்போது நடுவில் இறக்கப்படுபவன் நான். ஒரு ஆட்டத்தில் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால், எதிரணியின் ஓட்டக்காரர்கள் ஓடிக் கடக்க வேண்டிய மூன்று மூலையிலும் நிற்கிறார்கள், இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் வெற்றி. என் மூன்றாவது பந்தை மட்டையாளர் தரையில் தட்டினார். பந்து உருண்டு எங்கள் ஆளின் கைக்கே போனது. ஒரே அடியில், அடித்தவரும் ஓடி வந்த ஒருவரும் அவுட். டைலர் என்னைத் தூக்கிச் சுற்றினான். மறு வாரமே எதிரணியில் ஒருவர் என் பந்தை வேலிக்கு வெளியே அடித்து ஆட்டத்தை முடித்தார். அதையும் சொல்ல வேண்டும். தொழில்முறை அணிக்கு ஆள் தேட வந்தவர் ஒருமுறை என் ஆட்டத்தைப் பார்த்தார். அவர் பார்க்க வந்தது வேறு ஒருவனை. படிப்பு முடிந்து இங்கேயே ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். வசந்த காலத்தில் கல்லூரிப் பிட்சர்களுக்கு உதவிப் பயிற்சியாளன். சுமதி இன்னும் மீன் வேலையில்தான் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் எங்கள் பழைய பள்ளிப் பெண்களுக்கு சாப்ட்பால் சொல்லிக்கொடுக்கிறாள். சந்தேகம் வந்தால் அந்த ஊர் கோச் இந்த ஊர் கோச்சுக்குக் காணொளி அனுப்புவாள். எனக்குச் சந்தேகம் வந்தால் நான் அனுப்புவேன்.

கல்லூரியின் கடைசி ஆட்டத்தன்று ஒரு வழக்கம் உண்டு. படிப்பை முடிக்கும் ஒவ்வொரு ஆட்டக்காரனும் தாய் தகப்பன் இருபுறமும் வர, திடலின் நடுவரை நடந்து போகவேண்டும். என் வீட்டிலிருந்து யாரும் வர வழியில்லை. டைலரின் தாய், “நாங்கள் இருவரும் உன்னோடு வருகிறோம்” என்றார். அவரை மட்டும் வரச் சொன்னேன். அவர் கணவரிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல், “ஸாரி, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது” என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு விலகி நின்றார். இடக்கையை அந்த அம்மாள் பிடித்திருக்க, வலக்கைப் பக்கம் யாருமில்லாமல் நடந்தேன்.

அந்தப் படத்தை வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா கூப்பிட்டார்.

“யாருடா அந்த வெள்ளக்காரம்மா?”

“கூட்டாளியோட அம்மா.”

“இந்தப் பக்கம் ஏன் காலியா கெடக்கு?”

“அது ஒங்களுக்கு மா. ஒங்களுக்கும் அப்பாவுக்கும்.”

படத்தை அப்பாவிடம் காட்டுகிறார் போலும், கூடத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

“ரெண்டு பேரும் நிக்கணும்னா இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னுருக்கணும் லா.”