தாய் இறாலுக்குச் சாப்பாடு கொண்டுபோன வண்டி

காலை எட்டு மணிக்குக் கல்முனையில் குளிரூட்டி வண்டியின் முன்சீட்டில் ஏறினேன். திருக்கோவிலுக்கு அப்பால் உள்ள இறால் குஞ்சுப் பண்ணையைப் பார்க்கப் பயணம்; ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். நான் புத்தளத்துக்காரன், இறால் என்றால் நித்திரையிலும் எழுந்து பேசுவேன்.

வண்டிக்குள் இருந்தது கிரில். தென்துருவக் கடலில் பிடிபடும், இறால் சாயலில் ஒரு விரல் நீளத்துச் சிற்றுயிர். நோய்க்கிருமி அழித்து, பையில் அடைத்து, உறைய வைத்து, பெட்டிகளில் வருகிறது. முட்டையிடும் தாய் இறாலுக்கு நல்ல ஊட்டம். பக்கத்துக் களப்பில், அந்த உப்புநீர் ஏரியில், பிடித்ததைப் போட்டால் நோயும் விருந்தாளியாக வந்து சேரும்.

சாரதி றிஸ்வான் காரைதீவைத் தாண்டும்வரை வாய் ஓயவில்லை. நிந்தவூரில் பிளேன்ரீ குடிக்க வீட்டுக்கு அழைத்தார். இந்தக் கரையில் மாப்பிள்ளை போய் இருப்பது பெண் வீட்டில். ஆகவே அங்கே மாமி வைத்ததுதான் சட்டம். புறப்படும்போது மாமி ஒரு பையோடு வந்தார்.

"மருமகன், களப்பு றால். அக்கரைப்பத்தில நம்மட புள்ளைக்குக் குடுத்துட்டுப் போங்க. உள்ள குளிர்தானே, பழுதாகா."

றிஸ்வான் தலையைச் சொறிந்தார். மாமியிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பை உள்ளே போனது.

அக்கரைப்பற்றில் வண்டியின் பின்கதவைத் திறந்த றிஸ்வான் அப்படியே நின்றார். பை ஓட்டை. இறால் தண்ணீர் கிரில் பெட்டிகளின் மேல் வழிந்து, உறைந்து ஒட்டியிருந்தது. சில பெட்டிகள் ஓரம் கிழிந்தும் இருந்தன.

"சுரண்டி எடுத்தா ஒருத்தருக்கும் விளங்கா," என்றார். மாமியின் மகளான கொழுந்தியிடம் பையைக் கொடுத்துவிட்டு வந்தவர், பெட்டிகளைத் தொடாமலே கதவைச் சாத்தி வண்டியை எடுத்தார்.

பண்ணை வாசலில் பொறுப்பாளர் சுமதி வந்து நின்றார். திருக்கோவில் பெண். அவர் கேட்கும் முன்பே றிஸ்வான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அப்ப கேட்டைத் திறக்க ஏலா, காக்கா," என்றார் சுமதி, றிஸ்வானை அண்ணன் முறை வைத்து. "தாய் றாலுக்கு நோய் வருத்தம் வந்தா குஞ்சுக்கும் வரும். குஞ்சு வாங்கிற எல்லாரிட குளமும் போயிரும்."

"இண்டைக்கு என்னத்தப் போடுவீங்க, மிஸ்?"

"கிடக்கிறதப் பிரிச்சுப் போடுவம். முட்டை குறைஞ்சா குறையட்டும்." பிறகு சொன்னார்: "நீங்க மறைக்காமச் சொன்னபடியா அடுத்த லோட்டையும் நீங்களே கொண்டுவாங்க."

வண்டி திரும்பியது. பொத்துவில் வீதியில் ஏறியதும் மாமியின் அழைப்பு வந்தது. றிஸ்வான் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஓம் மாமி, குடுத்திட்டன்... மாமி, கோவிச்சுக்காதீங்க. இனி இந்த வண்டிக்க ஒண்டும் வைக்க ஏலா. நீங்க தந்தாலும் ஏலா."

றிஸ்வான் நெற்றியைத் துடைத்தபடி போனை வைத்தார். இரவு அவர் போய்ச் சாப்பிட வேண்டியது அந்த வீட்டில்தான். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

எங்கள் புத்தளத்துப் பக்கத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து வற்றிப்போன இறால் குளங்கள் இன்னும் வெடித்துக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று என் வாப்பாவுடையது. நோய் வந்த தன் குளத்துக்கு மச்சான் எங்கள் வலையை இரவல் கேட்டபோது, எங்கள் வீட்டில் ஒருவரும் மறுக்கவில்லை. திரும்பி வந்த வலையை அப்படியே எங்கள் குளத்தில் இறக்கினோம்.