தெரிந்தவர் ஒருவர்

கோழித் துண்டை எண்ணெயில் விட்டபோது ஒடெஸ்ஸாவின் புறங்கையில் சொட்டுத் தெறித்தது. துடைத்துக்கொண்டு அடுத்த துண்டை விட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் வக்கீல் ஹார்வெல், மாலை மைதானத்தில் பேச வேண்டியதை விருந்தாளிகளிடம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருடம், ஜூலை நான்கு, அமெரிக்கச் சுதந்திர தினம். மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற இடம் வந்தபோது ஒருவர் இன்னும் கொஞ்சம் கோழி கேட்டார்.

அலபாமாவின் அந்த மாவட்டத்தில் ஓட்டுக்குப் பதிய வேண்டுமானால், ஏற்கெனவே ஓட்டுள்ள ஒருவர் கூட வந்து, 'இவரை எனக்குத் தெரியும்' என்று சத்தியம் செய்ய வேண்டும். கறுப்பர்களில் ஓட்டுள்ளவர் யாரும் இல்லை. ஆகவே வெள்ளைக்காரர் ஒருவர் வேண்டும்.

ஒடெஸ்ஸாவுக்கு அது கஷ்டமாகத் தோன்றவில்லை. கல்யாணமான வருடமே ஹார்வெல் வீட்டு அடுப்படிக்கு வந்தவள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை கண்டபோது பக்கத்தில் படுத்தவள் அவள்தான். வெள்ளிக் கரண்டிப் பெட்டியின் சாவி அவளிடம்தான் இருந்தது. விருந்துக்கு அவளை இரவல் கேட்பவர்களிடம், "இவளுக்காகக் கடவுள் முன்னாலயே சாட்சி சொல்லுவேன்" என்பாள் எஜமானி மிஸ் ஈவ்லின்.

முந்தின இரவு அவள் இதைச் சொன்னபோது புருஷன் லியோட்டிஸ் சிரித்தான். "சாவி குடுத்தவங்க ஓட்டும் குடுப்பாங்கன்னு நெனச்சியாக்கும்? போய்க் கேளு. சட்டை துவைக்க எனக்கு முழுநேர ஆள் கெடைக்கும்."

"உன் சட்டைய நீயே துவைச்சுப் பழகு."

எலுமிச்சைக் கேக்கை மேஜையில் வைத்துவிட்டு ஒடெஸ்ஸா நகரவில்லை. நாலு பேர் எதிரில் மறுக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

"மிஸ் ஈவ்லின், நாளைக்குப் பதிவு ஆபீஸ் தெறக்குது. என்னைத் தெரியும்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

மிஸ் ஈவ்லின் கேக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்தான், ஒடெஸ்ஸா. ஆனா அந்த மாதிரித் தெரியாதே."

"எந்த மாதிரிங்கம்மா? கடவுள் முன்னாலயே சொல்லுவேன்னீங்களே."

"அது வேற. கடவுள் முன்னால நம்ம ஊர்க்காரங்க இருக்க மாட்டாங்க."

கேக்கில் இனிப்பு தூக்கல் என்றார் வக்கீல்.

"அப்ப நாளைக்கு நான் வேலைக்கு வரலைம்மா. அங்கதான் நிப்பேன்."

"அங்க நின்னா அப்புறம் இங்க வர வேண்டாம். சாவிய வெச்சிட்டுப் போ."

வைத்தாள்.

மறுநாள் ஒடெஸ்ஸா எட்டு மணிக்கு, பதிவு ஆபீஸ் இருந்த நீதிமன்றத்தின் படியேறினாள். தெரிந்தவர் யார் வந்திருக்கிறார் என்று எழுத்தர் கேட்டார். வருவார்கள் என்றாள். ஓரமாக நிற்கச் சொன்னார். பகலில் சாப்பாட்டுக்காக ஜன்னலை மூடித் திறந்தார்கள். யாரும் வரவில்லை. மாலையில் மறுபடி மூடினார்கள். மர அறுவை ஆலையிலிருந்து லியோட்டிஸ் நேராக அங்கே வந்து அவளோடு வீட்டுக்கு நடந்தான். அடுத்த பதிவு மூன்றாவது திங்கட்கிழமை என்று கதவில் ஒட்டியிருந்தது.