வெட்டி எடுத்த அத்தியாயம்

ஈஸ்வரமூர்த்தியை நான் முதலில் பார்த்தது எழுபத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு, மெல்பர்னில் ஒரு சாரணர் மண்டபத்தில். வாடகை மண்டபத்தில் சாமி படம் வைத்துக் கும்பிட்டு முடித்து எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். அவர் மட்டும் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன படிக்கிறீர் என்று கேட்டார். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், இப்போது மேல்படிப்புக்குக் கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"உம்மட பேராசிரியரோட சண்டை பிடிப்பீரோ?"

"ஐயோ, மாட்டேன் சார்."

"அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மனுஷனுக்கு மறை கழன்றிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அவர் வீட்டுக்குப் போகவரப் பழகினேன். அவரும் அவர் மனைவி நாகேஸ்வரியும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னது இது.

ஈஸ்வரமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர். பகலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரியாரிடம் லத்தீன், பொழுது சாய்ந்தால் ஒரு பண்டிதரிடம் தமிழ் என்று இரண்டு பக்கமும் குட்டு வாங்கி வளர்ந்தவர். பேராதனையில் லத்தீனும் கிரேக்கமும் படித்து முதல் வகுப்பில் தேறினார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இலங்கையில் என்ன செய்வது? எழுபத்து மூன்றில், வாத்தியார் பஞ்சத்தில் இருந்த மெல்பர்னுக்கு லத்தீன் ஆசிரியராக வந்து இறங்கினார். மறு வருஷமே பள்ளிக்கூடம் லத்தீனை எடுத்துவிட்டது. அவர் கையில் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்து, வாலில்லாக் குரங்குகள் நிறைந்த ஒரு வகுப்பைக் காட்டினார்கள்.

விடவில்லை மனிதர். பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக எம்.ஏ. ஆய்வுக்குப் பதிந்தார். துறையில் ஒரு விரிவுரை உதவியாளர் இடம் காலியாகப்போகிறது, ஆய்வு நன்றாக வந்தால் உங்களை நினைவில் வைத்திருப்பேன் என்று பேராசிரியரே சொல்லியிருந்தார். அந்த இடம்தான் ஈஸ்வரமூர்த்திக்கு எல்லாம். அது கிடைத்தால் படித்த படிப்புக்கு மரியாதை. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பின்னமும் தசமமும்தான்.

அவர் எடுத்துக்கொண்டது ரோமாபுரியில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு காதல் கவிஞனை. அவன் வாழ்க்கையைப் பற்றிப் பழைய காலத்தவர்கள் என்னதான் சொல்லியிருக்கிறார்கள் என்பது ஆய்வு. எல்லாவற்றையும் திரட்டினால் நாலு பக்கம் தேறாது. கூடப் பாடிய ஒருவன் எழுதிய இரங்கற்பா. பேச்சுக்கலை வாத்தியார் ஒருவர் போகிற போக்கில் வைத்த ஒரு வரிப் பாராட்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து வந்த ஒருவர், கவிதையில் வரும் காதலியின் பெயர் பொய், உண்மைப் பெயர் இன்னது என்று எழுதிவைத்த வம்பு. ஏட்டின் கடைசியில் யாரோ ஒட்டிவைத்த ஒரு சின்ன வரலாறு. இதை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்கள் அந்தப் பெண்ணின் அப்பன், புருஷன், குடியிருந்த தெரு வரைக்கும் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஈஸ்வரமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கூத்தெல்லாம் பண்டிதரிடம் படித்தவனுக்குப் புதிதா? அகப்பாட்டில் பேசுகிற தலைவன் புலவன் இல்லை, தலைவிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது நமக்கு அரிச்சுவடி. பின்னால் வந்தவர்கள் ஒரு தனிப்பாட்டு அகப்பட்டால் போதும், அதற்கு ஒரு கதை கட்டிப் புலவர் தலையில் ஏற்றிவிடுவார்கள். ரோமாபுரியிலும் இதுதான் நடந்திருக்கிறது, வரலாறு என்று சொல்வதெல்லாம் பாட்டிலிருந்து உருவியது, அந்தப் பெண்ணே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எழுதினார். தமிழ் மரபை விளக்கித் தனியாக ஓர் அத்தியாயமும் வைத்தார்.

பேராசிரியர் படித்துவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டு, இந்தத் தமிழ் அத்தியாயம் வேண்டும்தானா, ஆய்வை மதிப்பிடப்போகிற, இங்கிலாந்தில் இருக்கும் பரிசோதகர் என்ன சொல்வாரோ, யோசித்துப் பாருங்களேன் என்றார்.

குரு வேண்டாம் என்றால் வேண்டாம். பண்டிதர் "அதை விடு" என்றால் ஏன் என்று கேட்ட பையன் அந்த ஊரிலேயே கிடையாது. ஈஸ்வரமூர்த்தி தலையாட்டிவிட்டு வந்து, மறுவாரமே அத்தியாயத்தை வெட்டிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். பேராசிரியர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி, உங்கள் விருப்பம் என்று வாங்கிக்கொண்டார்.

நாகேஸ்வரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குப் போய் வந்த களைப்போடு முழு ஆய்வையும் தட்டச்சு செய்தது அவர்தான்.

"ஏன் எடுத்தனீங்கள்? அதுதானே முழுக்கதையும்."

"பேராசிரியர் சொன்னாப் பிறகு என்னெண்டு மறுக்கிறது?"

"அவர் எங்க சொன்னவர்? கேட்டவர். நான் வாட்டில டொக்டரோடயே நிண்டு கதைக்கிறன். நீங்கள் வாயை வீட்டில வைச்சிட்டே போறனீங்கள்?"

"உமக்கு உதெல்லாம் விளங்காது" என்றாராம் இவர். நாகேஸ்வரி இன்றைக்கும் அந்த ஒரு வார்த்தையை மன்னிக்கவில்லை.

அதே துறையில் பீட்டர் என்று இன்னொரு மாணவன் இருந்தான். பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு, நீங்கள் சொல்வது சுத்த அபத்தம் என்பான். கேட்டுக்கொண்டிருக்கிற ஈஸ்வரமூர்த்தி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். இவன் உருப்படமாட்டான் என்று வீட்டில் வந்து சொல்வார்.

பரிசோதகர் அறிக்கை வந்தது. தேர்ச்சி, ஆனால் கடைசி வகுப்பில். திரட்டிய உழைப்பு பெரிது, முடிவுக்குத்தான் கால் இல்லை என்று எழுதியிருந்தார். காதலைப் பாடியவன் காதலித்தே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காத ஒரு சமுதாயத்தையாவது ஆய்வாளர் காட்டியிருக்கலாமே என்றும் கேட்டிருந்தார்.

ஈஸ்வரமூர்த்தி அறிக்கையை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனார். அவருக்கும் முகம் சரியில்லை.

"அந்த அத்தியாயத்தை நீங்கள் எடுத்திருக்கக் கூடாது" என்றார்.

"நீங்கள் சொன்னீர்கள்."

"கேட்டேன். நீங்கள் என்னோடு சண்டை போடுவீர்கள் என்று காத்திருந்தேன். வெட்டிக்கொண்டு வந்து நின்றதும், உங்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிட்டேன்."

ஈஸ்வரமூர்த்தி அதற்கும் தலையாட்டினார். நன்றி சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. பணிவு பணிவு என்று நமக்கு ஊட்டி வளர்த்தவர்கள், பணிவைக் கோழைத்தனம் என்று படிக்கிற தேசமும் உண்டு என்பதைச் சொல்லாமலே கப்பல் ஏற்றிவிட்டார்கள். பேராசிரியரும் கெட்டவர் இல்லை. வாயில்லாதவனுக்குச் சரக்கும் இருக்காது என்று நினைத்தார், அவ்வளவுதான். எனக்கு எரிவது அதுதான்.

இடம் பீட்டருக்குப் போயிற்று. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அதே கவிஞனை நடத்துகிறானாம். பழைய வம்புக்காரர் எழுதிவைத்த அந்தப் பெண்ணின் "உண்மைப் பெயரை"க் கரும்பலகையில் எழுதித்தான் ஆரம்பிப்பானாம்.

ஈஸ்வரமூர்த்தி இப்போது மெல்பர்னின் புறநகரான கிளென் வேவர்லியில் குடியிருக்கிறார். அங்கிருந்து ரயிலில் போய், நகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் படிவத்துக்குக் கணக்குப் படிப்பிக்கிறார்.