ஜோஸ்லின் செய்த நீலம்

லூசிண்டா ஃபுர்தாடோ, தன் மகள் செத்த வாரத்திலும் லீவு போடவில்லை. எப்போதும்போல சாமர்வில்லிலிருந்து பஸ் பிடித்து ஆய்வகத்துக்கு வந்து, கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று அங்கே முணுமுணுத்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். போனவள் அவர்கள் வீட்டுப் பெண்ணா என்ன? லூசிண்டாவுக்கு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அக்கா கொண்டுவந்து வைத்த கீரை சூப்பைச் சூடு பண்ணிக் குடித்தாள். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஆய்வகத்திலிருந்து ஆண்டுதோறும் உலகத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டி.என்.ஏ. துண்டுகளைப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். எந்தத் துண்டையும் எந்தத் துண்டோடும் கோக்கலாம். எல்லாவற்றுக்கும் முனைகள் ஒரே மாதிரி. முனைகளை நறுக்குவதற்கென்றே சில என்சைம்கள் உண்டு. அவை நறுக்கும் இடம் முனையில்தான் இருக்கலாம், துண்டின் நடுவில் இருக்கவே கூடாது. இருந்தால், கோக்கப் போகும்போது துண்டே இரண்டாகிவிடும். பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொன்றையும் சோதிப்பது லூசிண்டாவின் வேலை.

அவற்றில் ஒன்று மகள் ஜோஸ்லின் கல்லூரியில் படிக்கும்போது செய்தது. அதை ஏற்றிய பாக்டீரியா பளிச்சென்று நீலமாகும். செய்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கும். பனியில் கார் சறுக்கி அவள் போய்ச் சேர்ந்த பிறகு, எங்கோ முகம் தெரியாத பிள்ளைகள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள் என்பது ஒன்றுதான் லூசிண்டாவுக்கு மிச்சம். நிறம் காட்டும் துண்டுகளை அங்கே யாரும் நறுக்கிப் பார்ப்பதில்லை. நிறம் வந்துவிட்டதா, பாஸ். சோம்பேறித்தனம், வேறென்ன? நீலமும் அப்படியே வருஷா வருஷம் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த வசந்தத்தில் பிரேசில் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள்: நீலத்தைக் கோக்கவே முடியவில்லை, உடைந்துபோகிறது. பொறுப்பாளர் வால்ட் தயங்கித் தயங்கி அவள் மேஜையருகே வந்து நின்றார். வேறு யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே பார்க்கிறேன் என்றாள் லூசிண்டா.

என்சைமை விட்டு, வெட்டுப்பட்டதை நீளவாரியாகக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினாள். துண்டுக்கு ஒன்று, அதைத் தாங்கும் டி.என்.ஏ. வளையத்துக்கு ஒன்று என இரண்டு கோடு வரவேண்டிய இடத்தில் மூன்று வந்தது. துண்டின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது வெட்டுமிடம். கணினியில் ஒரு தரம் தேடியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் ஜோஸ்லின் எதையும் இரண்டாம் தரம் பார்க்கிற ஆளில்லை. பரீட்சையிலும் முதல் ஆளாகத் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

சரிசெய்வது பெரிய காரியமல்ல. ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் என்சைம் ஏமாந்துபோகும், நீலம் அப்படியே வரும். லூசிண்டாவே மாற்றினாள். இந்தத் தடவை இரண்டே கோடு. ஆனால் மாற்றியது புதுத் துண்டாகிவிடும். புது எண் வாங்கும், மாற்றியவர் பெயரில் ஏறும். தேறாத பழையது பெட்டியிலிருந்து போயாக வேண்டும். அதை வளர்த்த குடுவையில் ப்ளீச் ஊற்றிக் கொன்றுவிடுவார்கள்.

வால்ட் குரலைத் தணித்துக்கொண்டார். "செஞ்சவங்க பேருன்னு ஜோஸ்லினையே போட்டுடு, லூசி. யாரு கேக்கப் போறா?"

"இது அவ செஞ்சதில்ல வால்ட். அவ செஞ்சதுல தப்பு இருந்துச்சு."

"ஒரே ஒரு எழுத்துதானே?"

"அந்தத் தப்புதான் அவ. மத்ததெல்லாம், அந்த நீலங்கூட, எவனோ கடல்ல பவளத்துலேருந்து எடுத்துவச்சது."

செய்தவர் என்ற இடத்தில் லூசிண்டா தன் பெயரையே போட்டாள். பிறகு குடுவையை எடுத்துத் தொட்டியருகே வைத்து, ப்ளீச் புட்டியைத் திறந்தாள். தினமும் செய்கிற வேலை. கை நகரவில்லை.

"நீ ஊத்தறியா?" என்றாள்.

வால்ட் ஊற்றினார். நீலம் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. லூசிண்டா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசிச் சாயமும் போகும்வரை.

"இனிமே அந்தப் பெட்டியில எங்கயும் அவ பேரு இல்ல," என்றாள்.

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். வால்ட் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.