ஏழிலிருந்து வகுத்தவர்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் லிப்ட், மூன்றாம் மாடியைத் தாண்டியதும் குலுங்கி நின்றது. விளக்கும் அணைந்தது. உள்ளே நானும், மின்சார மீட்டர் பார்க்க வந்தவரும் மட்டும். தடித்த கண்ணாடி, நரைத்த மீசை. பெருவிரலால் விரல் கணுக்களை எண்ணிக்கொண்டே இருந்தார். நான் கதவை அறைந்து கத்தினேன்.

அவர் போன் வெளிச்சத்தை, லிப்ட் சுவரில் அதன் இலக்கம் பொறித்திருந்த தகட்டில் பிடித்தார். 5831704.

"தங்கச்சி, இது எதாலயும் பிரியாத எண்ணோ எண்டு பாப்பம். ஏழால பிரிச்சுச் சொல்லுங்கோ."

"நாலு... நாலு மிச்சம் வருது."

"பதினொண்டால?"

லிப்ட் ஒரு சாண் கீழே சரிந்தது. நான் அலறினேன்.

"சரி, பதின்மூண்டால?" அவர் குரல் மாறவில்லை.

பத்தொன்பதுக்கு வந்தபோது வெளியிலிருந்து கதவைத் திறந்தார்கள். அவர் படியால் இறங்கிப் போனார். லிப்டுக்குள் அவர் பிடித்திருந்த கைப்பிடிக் கம்பி வியர்வையில் நனைந்திருந்தது.

வீட்டில் தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. கடைசி இலக்கம் நாலு. இரண்டாலேயே பிரியும். நாள் முழுக்க இலக்கம் பார்ப்பவருக்கு அது தெரியாதா? எனக்காக மறைத்தாரா, தனக்காகவா?

இன்றும் அந்த லிப்டில் கதவு மூடியதும் நான் ஏழிலிருந்துதான் தொடங்குகிறேன்.